கிரிஞ்ச் என்ற சொல்லுக்கு நான் போட்ட கையெழுத்து

கோர்ட்டுக்குப் போகிற தமிழை இங்கிலீஷ் ஆக்கிக் கொடுப்பது என் தொழில். இரண்டு பாஷையும் தெரியும் என்று ஒருதடவை வெளியே சொல்லிவிட்டால் அப்புறம் ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கீழ்க்கோர்ட்டில் எல்லாம் தமிழில் நடக்கும். தோற்றவர் மேல்கோர்ட்டுக்குப் போகும்போது அதே காகிதங்கள் இங்கிலீஷில் போக வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில், காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பத்திரம், புகார் மனு, பாகப்பிரிவினை, காதல் கடிதம் எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இது உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முன்பு பசுமலையில் ஒரு மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனால் பசுமலையில் குடியிருக்கிற ஒரு பெண்ணுக்கு இங்கிலீஷும் தெரிந்துவிட்டால் அவள் டீச்சர்தான். அதை மறுத்துச் சொல்கிற தெம்பு எனக்கு எப்போதோ போய்விட்டது.

பிள்ளைகள் பேசுகிற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, சும்மா சிரித்து வைக்கிற அன்பர்களே, இது நம்மைப் போன்றவர்களின் பாடு. ஒரே வித்தியாசம், நீங்கள் சிரித்து வைத்துவிட்டுப் போய்விடலாம். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

திரும்பி வந்த கட்டு

வக்கீல் செல்வம் எனக்கு வாடிக்கையாக வேலை கொடுப்பவர். ஒருநாள் ஒரு விவாகரத்துக் கேஸின் காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கணவர் பாண்டிதான் செல்வத்தின் கட்சிக்காரர், கீழக்குயில்குடிக்காரர். பைபாஸ் ரோட்டில் பைப், மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். மனைவி நிவேதா, பசுமலைப் பெண், ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் ஒன்றில் வேலை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் முடிந்த நாளில், பாண்டி சமணர் மலை அடிவாரத்தில் ஆடி ஒரு ரீல்ஸ் போட்டிருக்கிறார். ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. அதன் அடியில் நிவேதா ஒரு கமெண்ட் போட்டாள்: 'ஐயோ, செம கிரிஞ்ச்.' ஊர் முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டாள், இனி வாழ முடியாது என்று பாண்டி கேஸ் போட்டார். இந்த ஒரு வார்த்தைக்கெல்லாம் விவாகரத்து கிடையாது என்று கீழ்க்கோர்ட்டு தள்ளிவிட்டது. அவர் மேல்கோர்ட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

கமெண்டைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். கிரிஞ்ச் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்கள் இருந்தன. ஏதோ பொம்மைப் படம், பிரிண்டரில் வராமல் கட்டமாக விழுந்திருந்தது. 'இரண்டு குறிகள், தெளிவில்லை' என்று எழுதினேன். வார்த்தைக்கு எனக்குச் சிரமமே இல்லை. அது இங்கிலீஷ்தானே. அதையே இங்கிலீஷில் ஆறு எழுத்தாக அடித்தேன், கையெழுத்துப் போட்டேன், அனுப்பினேன்.

நான்காம் நாள் கட்டு ரிட்டர்ன் ஆகி வந்தது. 'பதினான்காம் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் மொழிபெயர்க்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மேல்கோர்ட்டு ஆபீஸுக்கு நேரில் போய், காகிதம் சரிபார்க்கிற அம்மாளிடம் விளக்கினேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அது இங்கிலீஷ்தான்னு எனக்கும் தெரியும் மேடம், ஆனா தமிழ் எழுத்துல எழுதியிருக்கே, அப்ப மொழிபெயர்க்கணும்ல?"

அகராதி சொன்னது

பள்ளி வேலையை விட்டபோது எனக்குச் சால்வை போர்த்தி ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி கொடுத்தார்கள். தலையணைத் தடிமன் இருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். பயந்து உடம்பைக் குறுக்குவது என்று முதல் அர்த்தம். பெரிய ஆள் முன்னால் கூனிக் குறுகி நிற்பது என்று இரண்டாவது. மூலம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ரொம்பப் பழைய இங்கிலீஷில் போர்க்களத்தில் வெட்டுப்பட்டவன் மடங்கிச் சுருண்டு விழுவதைச் சொன்ன வார்த்தையாம்.

வாளுக்கு விழுந்தவனுக்காகப் பிறந்த வார்த்தை, பைப் கடைக்காரரின் டான்ஸுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வார்த்தைகளுக்கும் நம்மைப் போலத்தான் வயதான காலத்தில் எந்த வேலை கிடைக்கும் என்று சொல்ல முடிவதில்லை. அகராதியை மீறுகிற தைரியம் எனக்கு இல்லை. 'ஐயோ, இதைக் கண்டு நான் மிகவும் பயந்து குறுகுகிறேன்' என்ற பொருளில் இங்கிலீஷ் எழுதி அனுப்பினேன். அன்று சாயங்காலமே செல்வம் போன் செய்தார்.

"அக்கா, அந்த வீடியோவ நான் நாலு தடவ பாத்துட்டேன், பயப்படுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு ஒருத்தரு ஆடுறாரு, அம்புட்டுத்தான்."

காளவாசல் சொன்னது

அகராதி கைவிட்ட பிறகு ஆட்களைக் கேட்பதைத் தவிர வழியில்லை. கீழே ஜெராக்ஸ் கடை மல்லிகாவிடம் கேட்டேன். "ஓவரா பண்றது" என்றாள். எதிர் ஜூஸ் கடைக்காரர், பழைய பாட்டுப் போடுவதுதான் கிரிஞ்ச் என்றார். அவர் மகன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். பஸ் ஸ்டாப்பில் இரண்டு கல்லூரிப் பெண்களைக் கேட்டதற்கு, ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள், இருவரும் பஸ் வராமலே ஏறப் போவதுபோல நகர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவின் தலைவரைக் கேட்டேன். "எங்களையத்தான் அப்படிச் சொல்றாய்ங்க, அர்த்தம் எதுக்கு" என்று வருத்தத்தோடு சொன்னார்.

கடைசியில் சென்னையில் இருக்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். அவள்தான் உருப்படியாகச் சொன்னாள். முதலில் அது பார்க்கிறவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன வார்த்தையாம். யாரோ ஒருவர் கூச்சமில்லாமல் ஆடியோ பாடியோ வீடியோ போடுவார். பார்க்கிறவர், 'இதைப் பார்த்து என் உடம்பு கூசிச் சுருளுகிறது' என்று அடியில் எழுதுவார். அதையே லட்சம் பேர் எழுதி எழுதி, வாக்கியம் தேய்ந்து ஒற்றை வார்த்தை ஆனது. அப்புறம் அந்த வார்த்தை பார்க்கிறவரை விட்டு எழுந்து போய் ஆடுகிறவர் மேல் ஒட்டிக்கொண்டது. இங்கே வந்து சேரும்போது, 'நீ கிரிஞ்ச், உன் சட்டை கிரிஞ்ச்' என்று ஆகியிருந்தது. கூசுவது இவர்களுக்கு, பட்டம் அவர்களுக்கு. நான் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, 'கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா' என்றேன்.

"அம்மா, நோட்டுல எழுதிக்கிட்டே கேக்குற பாத்தியா, இதுக்குப் பேருதான் கிரிஞ்ச்."

ஒரே நாற்காலி, இரண்டு வக்கீல்

கட்டை மறுபடி கோர்ட்டில் கொடுக்கச் செல்வத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேலே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, "அருவருப்புன்னு போட்டுருங்கக்கா, ஜட்ஜுக்கு டக்குனு புரியும்" என்றார். அருவருப்பு வேறு, கூச்சம் வேறு என்றேன். இரண்டுக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தானே செய்கிறோம் என்றார். வக்கீல்களிடம் இப்படித்தான், ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் நாம் சொன்னது அவர்கள் சொன்னதாகிவிடும்.

மறுநாள் அதே நாற்காலியில் நிவேதாவின் வக்கீல் ஜெயராணி. எதிர்த்தரப்பு எதைப் போட்டாலும் தங்கள் பக்கம் தனியாக ஒரு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டுமாம். இந்தப் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு நான் ஒருத்திதான் என்பதால் என்னிடமே வந்துவிட்டார். அவருக்கு அது 'செல்லமாகச் சொல்கிற வார்த்தை' என்று வர வேண்டும். ஒரே கமெண்ட், ஒரே மேஜை, நேற்று அருவருப்பு, இன்று செல்லம். இரண்டு பேருக்கும் இரண்டு இங்கிலீஷ் எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் என்னையே கூண்டில் ஏற்றிவிடுவார்கள். என் கையெழுத்து ஒன்றுதான், அதனால் அர்த்தமும் ஒன்றுதான் இருக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நியாயமா எழுதுங்கக்கா, எங்களுக்குச் சாதகமா இருந்தாப் போதும்."

எழுதியவள் சொன்னது

அந்த வாரக் கடைசியில் நிவேதாவே ஒரு காகிதம் கொடுக்க மேலே வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். லேப் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். காகிதத்தை வைத்துவிட்டுத் திரும்பியவளை உட்காரச் சொன்னேன். "வார்த்தைய எழுதுனது நீதானம்மா, எல்லாரையும் கேட்டுட்டேன், உன்னையத்தான் கேக்கல. என்ன நெனச்சு எழுதுன?" என்றேன்.

முதலில் வெட்டிப் பேசினாள். இதைக் கேட்க வேண்டியவரே கேட்கவில்லை, கமெண்ட் போட்ட அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் துணிமணியோடு கீழக்குயில்குடிக்குப் போயிருந்தார், மறுவாரம் வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது, நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவருக்கு நேரில் வந்து கேட்கத் தெரியாதா என்றாள். ஒன்றரை வருஷமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் மடித்த கோட்டை இன்னொரு தடவை மடித்தாள். பிறகு குரல் மாறியது.

"ஊர்ல ஆயிரம் பேரு ஆடுறான் டீச்சர், பாத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பேன், இவரு ஆடுனாத்தான் எனக்குக் கூசுது."

காலிக் கட்டத்தில் இருந்தது

அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து அந்தப் பைப் கடைக்குப் போய் இதைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் ஒரு தரப்பு சொன்னதை இன்னொரு தரப்பிடம் கொண்டுபோவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. அதைச் செய்தால் அப்புறம் ஒரு வக்கீலும் என் படி ஏற மாட்டார். காகிதத்தில் இருப்பதை மட்டுமே நான் பேசலாம். வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் பாண்டியே வந்தார். கறுத்த, உயரமான மனிதர், கையில் பி.வி.சி. பசை வாசனை. உட்காரும்போதே, "மேடம், ஒரு சந்தேகம். அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம்?" என்றார். கேஸ் போட்டு ஒன்றரை வருஷம், கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்கோர்ட்டுக்கு வந்து, இப்போதுதான் கேட்கிறார். தெரியாமலா கேஸ் போட்டீர்கள் என்றேன். "அருவருப்புன்னு எங்க மச்சான் சொன்னான். அவனுக்கு நெட்டு விசயமெல்லாம் தெரியும்" என்றார். சொல்கிறேன், அதற்கு முன்னால் போனைக் காட்டுங்கள், காலிக் கட்டத்துக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. தயங்கித் தயங்கி எடுத்தார். முதலில் வீடியோவைப் பார்த்தேன். மலையடியில் இருக்கிற தாமரைக்குளத்துப் பக்கம் ரோஸ் கலர் சட்டை, கூலிங்கிளாஸ். கையும் காலும் இரண்டு வேறு பாட்டுக்கு ஆடின. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு சார்ட் பேப்பரை விரித்துக் காட்டினார்: 'நிவேதா, மூணு வருசம் என்கூட இருந்ததுக்கு நன்றி.' எனக்கே நாற்காலியில் உடம்பு சுருண்டது. இருந்தும் அந்தச் சார்ட் பேப்பரை நிறுத்திவைத்து இன்னொரு தடவை வாசித்தேன். கீழே கமெண்டுக்கு வந்தேன். பிரிண்டில் காலிக் கட்டமாக இருந்த இடத்தில் இரண்டு குரங்குப் பொம்மைகள். இரண்டும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தன.

"வார்த்தையக் கூட மன்னிச்சிருவேன் மேடம். என்னையக் கொரங்குன்னு சொல்லிட்டா. அதுவும் ரெண்டு தடவ" என்றார் பாண்டி. அதை அவர் வக்கீலிடமும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை. பிரிண்டில் கட்டமாக வந்தது அவருக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்திருக்கிறது. கேஸின் முக்கியச் சாட்சியை அவரே ஒளித்துவைத்துக்கொண்டு கேஸ் நடத்தியிருக்கிறார்.

இது காகிதத்தில் இருப்பது. இதை நான் பேசலாம். "தம்பி, கண்ணப் பொத்துறது யாரு? ஆடுறவரா, பாக்குறவரா?" என்று கேட்டேன். யோசித்து, "பாக்குறவங்க" என்றார். "அப்ப அந்தக் கொரங்கு நீங்க இல்ல. உங்க வீட்டம்மா" என்றேன். பிறகு வார்த்தைக்கு வந்தேன். அருவருப்பு இல்லை, பார்க்கிறவருக்கு உடம்பு கூசிச் சுருளுகிறது என்பதுதான் அது பிறந்த அர்த்தம் என்று, மகளிடம் நோட்டில் எழுதிக்கொண்டதை அப்படியே சொன்னேன். நிவேதா சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். பாண்டி இரண்டு விரலால் அந்தப் பொம்மையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரை முழுக்க இரண்டு கையும் இரண்டு காதும் மட்டும் தெரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது வெக்கமா மேடம்?"

கையெழுத்து

அன்றே எழுதி முடித்தேன். 'ஐயோ, இதைப் பார்க்க எனக்குக் கூச்சம் தாங்கவில்லை' என்பதுதான் நான் இங்கிலீஷில் கொண்டுவந்தது. காலிக் கட்டங்கள் இருந்த இடத்தில், 'கைகளால் தன் கண்களைப் பொத்திக்கொள்ளும் குரங்கின் படம், இரண்டு முறை. அசல் போனில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். அடியில் ஒரு குறிப்பு: இச்சொல் பார்ப்பவரின் கூச்சத்தைக் குறித்துப் பிறந்தது, பார்க்கப்படுபவரைப் பழிப்பதாகப் பிற்பாடு மாறியது, இங்கே கூடவே உள்ள படத்தால் முதல் பொருளே பொருந்துகிறது. போர்க்களத்தில் சுருண்டு விழுந்தவனையும் ஒரு வரி சேர்த்தேன். அவனை விட மனமில்லை.

பயமில்லாமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வருகிற கட்டில் பாதி செல்வம் கொடுப்பது. அவர் வாசித்தார். குரங்கு வந்த இடத்தில் நிறுத்தி, "இது எங்க இருந்துக்கா வந்துச்சு? நான் கமெண்டப் பிரிண்டுலதான படிச்சேன்" என்றார். உங்கள் கட்சிக்காரர் போனிலிருந்து என்றேன். மீதியையும் வாசித்துவிட்டு, காகிதத்தை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, கவலையோடு என்னைப் பார்த்தார்.

"மொழிபெயர்க்கத்தானேக்கா சொன்னேன், நீங்க தீர்ப்பே எழுதிட்டீங்களே."

அழித்த வீடியோ

பத்து நாள் கழித்து மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்த நேரத்தில் பாண்டி இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். அந்த வீடியோவை அழித்துவிட்டாராம். நடக்கிற கேஸில் சாட்சியை அழிக்கலாமா என்று செல்வம் காலையில் கத்து கத்தென்று கத்தியிருக்கிறார். ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள் என்றேன். "அவளுக்குக் கூசுதுன்னா அது எதுக்கு மேடம் கெடக்கணும்" என்றார், சாதாரணமாக.

ஆனால் அவர் அதற்காக வரவில்லை. போனை நீட்டினார். அழித்த அன்று ராத்திரியே ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நிவேதாவிடமிருந்து வந்த முதல் மெசேஜ். 'ஏன் அழிச்சீங்க? தெனம் ஒரு தடவ பாத்துக்கிட்டு இருந்தேன்.' பதில் போட்டீர்களா என்று கேட்டேன். எப்படி மேடம், ஒருதடவை தப்பாய்ப் புரிந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மேஜையில் என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போனைப் பத்திரமாக வைத்து, கோர்ட்டுக் காகிதம் மாதிரி என் பக்கம் திருப்பினார்.

"இதுக்கு என்ன மேடம் அர்த்தம்?"

'இப்பவே வண்டிய எடுத்துக்கிட்டுப் பசுமலைக்குப் போங்கன்னு அர்த்தம்' என்று அந்தத் தமிழைத் தமிழிலேயே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வந்ததுபோலவே இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார். இதுவரை நான் செய்ததில் ரிட்டர்ன் ஆகாத மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.